கரண்ட் வைத்த பிறகு பல்லுக்கு என்ன ஆகிறது?

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு சிகிச்சை என்று யாரும் சொல்வதில்லை. ‘கரண்ட் வெச்சாங்க’ என்பார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன பல் கிளினிக் நடத்துகிறேன். இந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால், கையில் எந்தக் கருவி இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

போன ஆடி மாதத்தில் ஒருவர் வந்தார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய மேல் முன்பல். ஈறு தொடங்கும் இடத்தில், ரம்பம் வைத்து அறுத்த மாதிரி ஒடிந்திருந்தது.

“தேங்கா கடிக்கல, எலும்பு கடிக்கல டாக்டரம்மா. டீல நனைச்ச பன்னு. அதுக்கே கையோட வந்துடுச்சு.”

“வலிச்சுதாண்ணா?”

“இன்னா வலி? ஒண்ணுமே தெரியல.”

வாயைத் திறக்கச் சொன்னேன். முழுதாகத் திறக்கவில்லை, இரண்டு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டதும் அது கன்னத்தின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. பல் மருத்துவம் படிக்கும்போதே சொல்லிக் கொடுப்பார்கள்: கண்ணாடி வழுக்காமல் ஒட்டினால் அந்த வாயில் எச்சில் இல்லை. அதற்கப்புறம்தான் கேட்டேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நாக்கின் அடிப்பகுதியில் கட்டி, “முப்பத்தஞ்சு கரண்ட்டு” என்றார். கட்டி போய்விட்டது. கட்டி போன சந்தோஷத்தில் பல்லைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லையோ, சொன்னது அந்தப் பரபரப்பில் காதில் ஏறவில்லையோ தெரியாது. இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். புற்றுநோய் என்று கேட்ட நாளில் யாருக்குப் பல் நினைவுக்கு வரும்?

முதலில் இந்தக் ‘கரண்ட்’ என்னவென்று பார்ப்போம். இயந்திரம் மின்சாரத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்வதே இல்லை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் எலக்ட்ரான்களை அதிவேகத்தில் ஓடவிட்டு ஓர் உலோகத் தகட்டில் மோதச் செய்யும். அப்போது கிளம்புவது, நெஞ்சுக்கு எடுக்கும் எக்ஸ்ரேவைவிடப் பல மடங்கு வலுவான எக்ஸ்ரே. கோபால்ட் இயந்திரம் என்றால் கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர். சென்னைக்கு இது புதிதும் இல்லை. ஜி.எச். என்று நாங்கள் சொல்லும் அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கியது 1934-ல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது 1954-ல்.

கதிரை அளக்கும் அலகுக்குக் கிரே என்று பெயர். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள். ஆறு, ஏழு வாரத்தில் மொத்தம் 60 முதல் 70 கிரே சேரும். அவர் சொன்ன முப்பத்தைந்து கரண்ட்டைப் பெருக்கிப் பாருங்கள், 70 வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல் துண்டு துண்டாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதிர் பட்ட நல்ல செல்கள் இடைப்பட்ட நேரத்தில் தங்களை ஓரளவு சரிசெய்துகொள்ளும். புற்றுநோய் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. தினமும் அதே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதால் முகத்துக்கு அளவெடுத்து, வலை போன்ற ஒரு பிளாஸ்டிக் மாஸ்க் செய்து, அதை மேசையோடு பூட்டிப் படுக்கவைப்பார்கள்.

இந்தச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வருகிறவர் உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது. ‘பேரப்பிள்ளைய தூக்கலாமா’ என்று ஒரு பாட்டி என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாராளமாகத் தூக்கலாம், முத்தமும் கொடுக்கலாம்.

சரி, கதிர் கட்டியைக் குறி வைத்துத்தானே போகிறது, பல் ஏன் ஒடிய வேண்டும்? கதிர் பல்லைச் சுட்டுப் பொடியாக்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கதையின் முக்கால் பங்கு அது இல்லை. முக்கால் பங்கு எச்சில்தான்.

எச்சில் என்றாலே நமக்கு முகம் சுளிக்கும். எச்சில் இலை, எச்சில் கை, ‘எச்சி பண்ணாத’ என்று அதட்டல். தமிழில் எச்சிலைப் பாராட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் வாய்க்குள் இரவும் பகலும் துப்புரவு, ரிப்பேர், காவல் என மூன்று வேலையையும் ஒரே ஆளாகப் பார்ப்பது அதுதான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டர் வரைகூடச் சுரக்கும். நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

துப்புரவு வேலை புரிவதற்கு எங்கள் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் போகும் கால்வாய்களைப் பாருங்கள். நல்ல மழை பெய்து தண்ணீர் ஓடும் நாளில் குப்பை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் நின்றால் இரண்டே நாளில் அடியில் சேறு படிந்து, மேலே நுரைத்து, கொசு வந்துவிடும். வாயும் அப்படித்தான். எச்சிலின் ஓட்டம் இருக்கும்வரை சோற்றுத் துணுக்கும் சர்க்கரையும் தங்காது.

ரிப்பேர் வேலை இன்னும் நுட்பமானது. பல்லின் மேலோடான எனாமலில் எடைக்கு 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். நாம் சர்க்கரையோ சோறோ சாப்பிட்டதும் பல்மேல் படிந்திருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலம் விடும். அமில அளவைச் சொல்லும் பி.எச். எண் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்கும். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கிறது. அதிலேயே கரைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் மறுபடி போய் உட்காருகின்றன. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பல் கொஞ்சம் கரைகிறது, அப்புறம் கொஞ்சம் வளர்கிறது. ஐம்பது அறுபது வருடம் இந்த வரவுசெலவு சரியாக ஓடுவதால்தான் நமக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரிவதில்லை.

இந்த எச்சிலைத் தயாரிக்கும் பெரிய சுரப்பிகள் பக்கத்துக்கு மூன்றாக மூன்று ஜோடி. காதுக்கு முன்னால், கன்னத்தில் ஒன்று. பொன்னுக்கு வீங்கி வந்தால் வீங்குமே, அதே சுரப்பிதான். கீழ்த்தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. நாக்கு, தொண்டை, கன்னம் என்று எங்கே கட்டி வந்தாலும் கதிர் போகும் வழியில் இவற்றில் ஏதாவது சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் போன்ற எச்சிலைத் தரும் கன்னச் சுரப்பியின் செல்கள் கதிருக்கு மிகவும் மென்மையானவை. சிகிச்சையின் முதல் வாரத்திலேயே சுரப்பு நன்றாகக் குறைந்துவிடும். மிஞ்சுவது கொழகொழவென்று நூல் இழுக்கும் எச்சில். ‘வாயில பசை மாதிரி இருக்கு, துப்பவும் முடியல’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான்.

போன சுரப்பு திரும்ப வருமா என்பது அந்தச் சுரப்பி வாங்கிய அளவைப் பொறுத்தது. கன்னச் சுரப்பி சராசரியாக 25, 26 கிரேவுக்குள் வாங்கியிருந்தால் ஓரிரு வருடத்தில் ஓரளவு மீளலாம். அதற்கு மேல் போகப் போக நம்பிக்கை குறையும். ஐ.எம்.ஆர்.டி. என்ற புதிய முறையில், கதிரின் வலுவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து ஒரு பக்கச் சுரப்பியையாவது காப்பாற்றப் பார்ப்பார்கள். பழைய முறையோடு ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு வாய் வறட்சி தெளிவாகக் குறைந்திருந்தது.

ஓட்டம் நின்ற வாயில் குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள். அமிலத்திலேயே செழிக்கும் பாக்டீரியாக்கள் பெருகும், காளான் கிருமியும் சேரும். சில மாதங்களில் சொத்தை தொடங்கும். ஒரு வருடத்துக்குள் வாய் முழுக்கப் பரவிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சொத்தையின் முகமே வேறு. சாதாரணச் சொத்தை கடைவாய்ப் பல்லின் குழியில், இரண்டு பல் இடுக்கில் ஆரம்பிக்கும். இது ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பல்லைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல வரும். பல்லின் நுனியிலும் வரும். கழுத்துப் பகுதியில் எனாமல் மெலிசு; ஈறு இறங்கியிருந்தால் எனாமலே இல்லாத வேர் வெளியே நிற்கும். கடலோர வீடுகளின் இரும்பு கேட்டைக் கவனித்திருப்பீர்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், தரையை ஒட்டிய கால் மட்டும் உப்புக்காற்றில் அரித்துக்கொண்டே வரும். ஒருநாள் பிள்ளைகள் ஏறி ஆடும்போது மொத்தமாகச் சாயும். ஐஸ் உடைக்கும் அண்ணனின் பல் பன்னுக்கு விழுந்தது இப்படித்தான்.

எனக்கு உடனே சந்தேகம் கிளப்பும் இடம் இன்னொன்று: கீழ் முன்பற்கள். நாக்குக்கு அடியிலிருந்து எச்சில் ஊற்றெடுக்கும் இடத்திலேயே இருப்பதால், மற்றவர்களுக்கு அவை கடைசியாகத்தான் சொத்தையாகும். அவையே பழுப்பாகி நின்றால் எச்சில் கதையை விசாரித்தாக வேண்டும்.

பல்லிலேயே கதிர் நேராகப் படுவதால் கெடுதல் இல்லையா என்று கேட்டால், உண்டு. 60 கிரேவுக்கு மேல் வாங்கிய பற்களில் எனாமலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டினும் சேரும் இடம் பலவீனமாவதாக ஆய்வுகள் உண்டு. அதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் மருத்துவர்களுக்குள் வாதம் ஓடுகிறது. கதிரே படாத பற்களும் இதே நோயாளிகளுக்குச் சொத்தையாவதைப் பார்க்கும்போது நான் எச்சில் கட்சிதான். வலி தெரியாததற்குக் கதிர் பட்ட பல்லின் உள்நரம்பு மந்தமாவதைக் காரணமாகச் சொல்வார்கள். பல்லைப் பொறுத்தவரை வலி ஒரு நல்ல காவல்காரன். அவன் தூங்கிவிட்டால் ஆள் எங்களிடம் வருவதற்குள் பாதிப் பல் போயிருக்கும்.

இதற்கு மேல் நாமே எண்ணெய் ஊற்றும் ஒரு காரியம் உண்டு. வாய் காய்ந்தால் எதையாவது உறிஞ்சத் தோன்றும். அந்த அண்ணனின் ஒரு நாளைக் கேட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலம் தொடங்குமுன் ஒரு டீ. அப்புறம் மணிக்கொரு டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நடுவில் நாக்கடியில் ஒரு எலுமிச்சை மிட்டாய், ‘எச்சி ஊறும்னு சொன்னாங்க’. மத்தியானம் கலர் சோடா. உடம்பு தேறட்டும் என்று வீட்டில் குளுக்கோஸ் தண்ணீர். எச்சில் உள்ளவருக்கே ஒரு வாய் இனிப்பு டீ இறக்கிய பி.எச். பழைய நிலைக்கு ஏற அரை மணி நேரம், அதற்கு மேலும் ஆகலாம். எச்சில் இல்லாதவருக்கு அடுத்த டீ வரும்வரைகூட ஏறாது. அதாவது விழித்திருக்கும் நேரமெல்லாம் அவருடைய பல் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்தது. எலுமிச்சையோ தானே ஒரு அமிலம்.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரவு முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கு டீதான் சாப்பாடு. டீயை விடச் சொல்லவில்லை, சர்க்கரையை விடுங்கள் என்றேன். ஒரு பாட்டில் வெறும் தண்ணீரை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அடிக்கடி ஒரு மிடறு. மிட்டாய்க்குப் பதில் சைலிட்டால் போட்ட சூயிங்கம். அந்த இனிப்பைப் பாக்டீரியாவால் அமிலமாக்க முடியாது. சுரப்பி கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் சுரக்கத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரையும் இருக்கிறது. ஆஸ்துமா, சில கண் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

இனி தாடை எலும்பு. பல்லைவிடப் பெரிய விஷயம் இதுதான், இங்கே பயப்படுவதில் தப்பில்லை.

நான் படித்து முடித்த புதிதில் ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். ஒரு பெரியவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுகிறது, எடுத்துவிடலாம் என்று ஊசியும் போட்டுவிட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, “பாத்து புடுங்கு கண்ணு, கரண்ட்டு வெச்ச தாடை” என்றார். பத்து வருடத்துக்கு முன்பு வைத்ததாம். நான் கேட்கவே இல்லை. ‘சுகர், பிபி இருக்கா’ என்பதோடு விசாரணையை முடித்திருந்தேன். அன்றைக்குக் குறடைக் கீழே வைத்தவள்தான், இன்றுவரை அந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் ஊசி போட்டதில்லை.

பத்து வருடம் ஆகியும் ஏன் பயம்? அதிக அளவு கதிர் பட்ட எலும்பில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன, எலும்பைப் புதுப்பிக்கும் செல்கள் குறைகின்றன, நார்த்திசு படிகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. சும்மா இருக்கும்வரை எலும்பும் சமாளித்துக்கொண்டு இருக்கும். பல்லைப் பிடுங்கினால் அந்தக் குழி ஆற புது ரத்தமும் புது செல்லும் வேண்டும். வரவேண்டியது வராததால் குழி மூடாது, எலும்பு வாய்க்குள் வெளுத்துத் தெரியும், சீழ் கட்டும், தாடை முறியவும் கூடும். இப்படி மூன்று மாதத்துக்கு மேல் ஆறாமல் எலும்பு வெளியே நிற்பதைக் கதிர்வீச்சால் வரும் எலும்பு அழிவு என்கிறோம். ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் செல்களும் குறைவதுதான் இதன் மூலம் என்று ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் 1983-ல் விளக்கினார். நார்த்திசுதான் முதல் குற்றவாளி என்ற கருத்து பின்னால் வந்தது.

கீழ்த்தாடைக்கே இது பெரும்பாலும் வருகிறது. மேல்தாடைக்கு ரத்தம் பல பக்கத்திலிருந்து வரும். கீழ்த்தாடையின் உள்ளே போவது முக்கியமாக ஒரே ஒரு குழாய், எலும்பும் கெட்டி. ராயபுரத்தில் ஒரே வாசல் கொண்ட சந்துகள் இருக்கின்றன. வாயிலில் ஒரு மீன்பாடி வண்டி நின்றால் உள்ளே ஆம்புலன்ஸ் நுழையாது. 60 கிரேவுக்கு மேல் வாங்கிய கீழ்த்தாடை அந்தச் சந்து மாதிரி. சந்து தானாகத் திறந்துகொள்ளாது என்பதால் இந்த ஆபத்துக்குக் காலாவதி கிடையாது.

வந்துவிட்டால் வைத்தியம் உண்டு. ஆன்டிபயாடிக், செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பது, பென்டாக்ஸிபிலின் மாத்திரையோடு வைட்டமின் ஈ. முற்றிப்போனால் அந்தத் தாடைப் பகுதியையே வெட்டி எடுத்து, காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் தைக்க வேண்டியிருக்கும். அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதை ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். அண்மை ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை.

ஆகவே, பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் கரண்ட் வைப்பதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். கட்டியில் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி முடிவு வந்த வாரமே பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பார். கதிர் அதிகம் விழப்போகும் இடத்தில், காப்பாற்ற முடியாத பல், வேரில் சீழ் வைத்த பல், பாதி புதைந்து தொல்லை கொடுக்கும் ஞானப்பல் இருந்தால் எடுத்துவிடுவார். குழி ஆற இரண்டு வாரமாவது வேண்டும். அதற்காகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மருத்துவர்களும் பேசித் தேதி வைத்துக்கொள்ள வேண்டிய காரியம் இது. முன்பெல்லாம் எதற்கு வம்பு என்று எல்லாப் பல்லையும் எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. இப்போது நல்ல பல்லைத் தொடுவதில்லை. அடைக்க வேண்டியதை அடைத்து, கூரான விளிம்புகளைத் தேய்த்து, கிளீனிங் செய்து அனுப்புவார்கள். செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

‘பல்லப் புடுங்குனா கேன்சர் பரவிடும்’ என்று ஒரு பேச்சு எங்கள் தெருக்களில் நெடுநாளாக உலவுகிறது. பரவாது. கட்டி வளர்ந்து பல் ஆடியிருக்கும், பல் பிடுங்கிய புண் ஆறாமல் நின்றிருக்கும், அப்புறம் பரிசோதித்ததில் நோய் தெரிந்திருக்கும். பழி பல்லின் மேல் விழுந்துவிட்டது.

சிகிச்சை நடக்கும் ஏழு வாரத்தில் பல்லைவிட வாய்ப்புண்தான் படுத்தும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து தோல் உரியும். பச்சைத் தண்ணீர் கூட எரியும். ருசி போய்விடும், மீன் குழம்பும் மண்ணும் ஒன்று என்பார்கள். முடிந்து சில வாரங்களில் புண் ஆறிவிடும், ருசி திரும்ப மாதங்கள் ஆகும். அந்த நாட்களில் பல் விளக்குவதையே பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம். மிக மிருதுவான பிரஷை வெந்நீரில் முக்கி இன்னும் இளக்கிக்கொண்டு மெதுவாகத் தேய்க்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி அளவு உப்பு போட்டுக் கலக்கி நாளைக்குப் பல தடவை கொப்பளிக்கலாம். அமிலத்தை முறிக்கும், கொழகொழப்பைக் கரைக்கும், காசும் ஆகாது. கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அது வேண்டாம். சாராயச் சத்து கலந்த மவுத்வாஷ், கரித்தூள், சாம்பல், செங்கல்பொடி எதுவும் அந்தப் பக்கமே வரக்கூடாது. பல் செட் போடுகிறவர்கள் புண் ஆறி மருத்துவர் சரி என்னும்வரை அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு வாழ்நாள் முழுக்கக் கூட வருவது ஃபுளோரைடு. கரைந்த எனாமலில் ஃபுளோரைடு சேர்ந்தால் உருவாகும் படிகம் இன்னும் கெட்டி, பி.எச். 4.5 வரை இறங்கினால்தான் கரையத் தொடங்கும். எச்சில் செய்த ரிப்பேர் வேலையைக் கொஞ்சம் வெளியாள் வைத்துச் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடையில் வாங்கும் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, என்ற அளவில் இருக்கும், அது இவர்களுக்குப் போதாது. 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல்லில் ஏறக்குறைய 5000 பிபிஎம் இருக்கிறது. உங்கள் பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து தருவோம். இரவு பல் விளக்கியதும் அதில் ஜெல்லைத் தடவி ஐந்து பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு, கழற்றி, துப்பிவிட வேண்டும். வாய் கொப்பளிக்கக் கூடாது, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தினமும் தவறாமல். ‘எத்தனை நாளைக்கு டாக்டர்?’ என்ற கேள்வி வரும்போதுதான் எனக்குத் தர்மசங்கடம். எச்சில் திரும்பாதவரை என்பதே பதில்.

பின்னாளில் ஒரு பல் கெட்டுப்போனால் முடிந்தவரை பிடுங்காமல் சமாளிப்போம். வேர் சிகிச்சை செய்து, மேல் பகுதியை ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டு வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடலாம். அண்ணனின் ஒடிந்த பல்லுக்கு அதைத்தான் செய்தேன். பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் வாய், முக அறுவைசிகிச்சை நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனையில், ஒன்றிரண்டாக, எலும்பைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் சிகிச்சைச் சுருக்கத் தாளைக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில், எத்தனை கிரே என்ற இரண்டும் அதில் இருக்கும். எங்களுக்கு வேண்டியது அதுதான். குரல்வளையில் தொடக்கநிலைக் கட்டிக்குச் சின்ன வட்டத்தில் கதிர் வாங்கியவருக்குப் பல்லும் தாடையும் வீச்சுக்குள்ளேயே வந்திருக்காது, அவரை வீணாகப் பயமுறுத்தத் தேவையில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பல்லைத் தடவிப் பார்க்க வேண்டாம்.

வாய் திறப்பது குறைவதைப் பற்றி இரண்டு வரி. மெல்லும் தசைகளில் கதிர் பட்டால் அவை மெல்ல இறுகும். உங்கள் மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிகிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கொரு குச்சி கூட்டிக்கொண்டே போவது எளிய பயிற்சி. இறுகிய பிறகு திறப்பது கடினம்; பிரஷே நுழையாத வாயில் நான் என்ன கருவியை விட?

சிறு வயதில் கதிர் வாங்கிய பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குப் பல்லின் விதையே பாதிக்கப்படும். சில பற்கள் முளைக்காது, சில சிறுத்து வரும், வேர் குட்டையாக நிற்கும். அவர்களைக் குழந்தைகள் பல் மருத்துவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களில், பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை வாயில் அடக்கிப் பழகியவர்கள் நிறைய. புகையிலை கலக்காத பாக்கும்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அறிவித்துவிட்டது. சிகிச்சை முடிந்து, காய்ந்த வாய்க்கு எதையாவது அடக்கிவைக்கத் தோன்றும்போது பழைய பொட்டலம்தான் முதலில் நினைவுக்கு வரும் என்று அண்ணன் சொன்னார். அதனால்தான் அவருக்குச் சூயிங்கத்தை வலியுறுத்தினேன்.

மூன்று மாதத்துக்கொரு தடவை வருகிறார். புதிதாகச் சொத்தை வருவது நின்றிருக்கிறது. ட்ரே போடும் நேரத்தில் பேச முடியாததால் வீடு அமைதியாக இருக்கிறதென்று அவர் மனைவிக்கு ஏகச் சந்தோஷம். போன தடவை எழுந்து போகும்போது வாசலில் நின்று தயங்கினார்.

“டாக்டரம்மா, பர்மா பஜார் பக்கம் போனா அத்தோ சாப்டலாமா?”

அத்தோ என்பது பர்மா நூடுல்ஸ். அதில் எலுமிச்சையும் புளியும் உண்டு, மேலே பொரித்துத் தூவுவது தூளாகிக் குத்தும், மிளகாய் எரியும். எல்லாவற்றையும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

“சாப்பிடுங்கண்ணா. புளிப்பும் காரமும் கம்மியா போடச் சொல்லுங்க, பொரிச்சது வேணாம். கூடத் தர்ற வாழைத்தண்டு சூப்ப நிறைய வாங்கிக்குங்க. முடிச்சதும் அங்கயே ரெண்டு வாய் தண்ணி ஊத்திக் கொப்பளிச்சிடுங்க.”

“அதுக்கப்பறம் ஒரு டீ?”

“சர்க்கரை இல்லாம.”

“அப்ப எதுக்கு டீ” என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.